பழைய புல்லட், ஜாவா இன்ஜினுக்கு வெப்பம் தாங்கும் பெயிண்ட்: மலையில் செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் பழைய புல்லட்டையோ ஜாவாவையோ பிரித்துப் புதுப்பிக்கும் புதியவர்கள் பெயிண்ட் விஷயத்தில் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். கடையில் "600 டிகிரி தாங்கும்" என்று எழுதிய டின்னைப் பார்த்ததும் அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று வாங்கி, இன்ஜின் முழுக்க அடித்துவிடுகிறார்கள். சில வாரத்தில் கார்ப்பரேட்டருக்கு அடியில், பெட்ரோல் சொட்டிய இடத்தில், பெயிண்ட் விரலோடு கரைந்து வருகிறது.

அந்த டின்னில் இருப்பது சுத்த சிலிக்கோன் பெயிண்ட். 200 டிகிரியோ அதற்கு மேலோ சூடு கண்டால்தான் அது இறுகும். இன்ஜினின் அடிப்பெட்டியான க்ராங்க் கேஸ் ஒருநாளும் அவ்வளவு சூடாவதில்லை. ஆகவே அது காய்ந்ததுபோல் தெரிந்தாலும் கடைசிவரை இறுகாமலே இருக்கும்.

டின்னில் உள்ள எண் பெரியதாக இருப்பது முக்கியமில்லை. இந்தப் பாகம் எவ்வளவு சூடாகும், இந்தப் பெயிண்ட் இறுக எவ்வளவு சூடு வேண்டும், அந்தச் சூட்டை என்னால் பாகத்துக்குக் கொடுக்க முடியுமா என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே கடைக்குப் போங்கள். கீழே டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ்.

1. பாகம் பாகமாகச் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

வண்டி ஓடும் நிலையில் இருந்தால் பிரிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று போதும். சமதளத்தில் அளந்தால் பயனில்லை. மேட்டுப்பாளையம்–குன்னூர் ஏற்றமோ, 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டி ஏற்றமோ, 20 நிமிடமாவது ஏற்றி நிறுத்திய உடனே அளக்க வேண்டும். முதல், இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது ஃபின்களுக்குள் (சூடு ஆற இன்ஜினைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகள்) காற்று குறைவாகவே போகும். இன்ஜின் அதிகம் சூடாவது அப்போதுதான்.

பெயிண்ட் இல்லாத பளபள அலுமினியத்தில் இந்தக் கருவி உண்மையைவிட மிகக் குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு வெப்பப் பெயிண்டில் ஒரு சிறு பொட்டு வைத்து, அதன் மேல் அளக்கவும். க்ராங்க் கேஸ் என்றால் மாஸ்கிங் டேப் துண்டே போதும்.

காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் க்ராங்க் கேஸும் கியர் பெட்டியும் பொதுவாக 80 முதல் 110 டிகிரி வரை போகும். பிளாக்கின் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பாகம்) ஃபின்கள் 120 முதல் 180. பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டில் பிளக்கை ஒட்டிய இடம் ஏற்றத்தில் 200ஐத் தொடும், சில சமயம் தாண்டும். புகை வெளியேறும் வளைந்த குழாயான பெண்ட் பைப்பில் ஹெட்டிலிருந்து முதல் ஒரு சாண் நீளம் 300 முதல் 500 வரை.

2. காந்தத்தை வைத்து உலோகத்தைப் பாருங்கள்

பழைய 350 புல்லட்டில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட்டும் கேஸும் அலுமினியம். பழைய ஜாவா, யெஸ்டியிலும் பிளாக் வார்ப்பிரும்புதான். ஆனால் கைமாறிக் கைமாறி வந்த வண்டியில் எது மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். ஃபின் நுனியில் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் அலுமினிய பிளாக்கிலும் உள்ளே இரும்பு ஸ்லீவ் இருக்கும்.

இரும்புக்குத் துரு எதிரி. அலுமினியத்துக்கு அதிகச் சூடு எதிரி. வார்த்த அலுமினியத்தை 200 டிகிரிக்கு மேல் ஓவனில் வைத்தால் அதன் பலம் குறையத் தொடங்கும், ஹெட்டில் இறுக்கி உட்கார வைத்த வால்வ் சீட்டும் கைடும் தளரலாம். 300 டிகிரியில் இறுக வைக்க வேண்டிய பெயிண்டை ஹெட்டுக்கு வாங்கவே கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

பாலிஷ் செய்த சைடு கவர்களுக்குப் பெயிண்ட் வேண்டாம். மேலே கிளியர் லாக்கர் அடிப்பதும் வேண்டாம். ஓர் ஓரத்தில் கீறல் விழுந்தால் ஈரம் உள்ளே புகுந்து, புழு ஊர்ந்ததுபோல் வெள்ளைக் கோடுகள் விழும். பாலிஷ் போட்டு வாக்ஸ் தடவுங்கள், போதும். குரோம் பூசிய பெண்ட் பைப்பையும் அப்படியே விடுங்கள். குரோம் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது.

3. பெயிண்ட் வகையைத் தேர்ந்தெடுப்பது

சாதாரண சிந்தெடிக் எனாமலும், டேங்குக்கு அடிக்கும் இரண்டு கலவை பியூ (பாலியூரிதேன்) பெயிண்டும் சுமார் 120 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாறி, மென்மையாகி, உதிரத் தொடங்கும். இன்ஜினில் இவற்றுக்கு வேலையில்லை.

பவுடர் கோட்டிங் பற்றிப் பலர் கேட்பார்கள். பாலிஷ் செய்யாத சைடு கவருக்குப் பரவாயில்லை. பிளாக்குக்கு வேண்டாம். மின்னூட்டத்தால் ஒட்டும் பவுடர் ஃபின்களின் ஆழத்துக்குள் சரியாக இறங்காமல் நுனிகளிலேயே தடித்து நிற்கும். 60 முதல் 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் சூடு வெளியேறுவதையும் கொஞ்சம் குறைக்கும்.

இன்ஜின் எனாமல் என்று தனியாக விற்பதுதான் ஹெட், பிளாக், கேஸ் மூன்றுக்கும் பொருத்தம். சுமார் 260 முதல் 290 டிகிரி வரை தாங்கும். எடுத்துக்காட்டாக, விஎச்டி (VHT) என்ற பிராண்டின் இன்ஜின் எனாமல் 288 டிகிரி வரை. இதன் பெரிய நன்மை, 93 டிகிரியில் 20 நிமிடம் வைத்தாலே இறுகிவிடும். இறுகிய பிறகு பெட்ரோலையும் ஆயிலையும் தாங்கும்.

சுத்த சிலிக்கோன் பெயிண்ட் 600 டிகிரி, அதற்கு மேலும் தாங்கும். பெண்ட் பைப்புக்கு இது மட்டுமே நிற்கும். பைப் தன் சூட்டிலேயே இதை இறுக வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஹார்டுவேர் கடையில் லிட்டர் டின்னில் கிடைக்கும் வெப்பம் தாங்கும் அலுமினியம் பெயிண்ட். தேயிலை ஃபேக்டரி ஹீட்டர் புகைக்கூண்டுக்கு அடிக்கும் சில்வர் என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். இந்தியத் தரம் ஐஎஸ் 13183 இதை 600, 400, 200 டிகிரி என மூன்று கிரேடாகப் பிரிக்கிறது. டின்னில் கிரேடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "அலுமினியம் பெயிண்ட்" என்றால் அது கேட்டுக்கும் கம்பிவேலிக்கும் அடிப்பது. 600 கிரேடை வார்ப்பிரும்பு பிளாக்குக்கு அடிக்கலாம், 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வழி இருந்தால் மட்டும். வழி இல்லை என்றால் இன்ஜின் எனாமலே மேல்.

கறுப்பா, சில்வரா? மங்கிய கறுப்பு சூட்டைக் கொஞ்சம் கூடுதலாக வெளியே வீசும் என்பது உண்மை. ஆனால் ஓடும் வண்டியில் பெரும்பகுதிச் சூட்டை எடுத்துப் போவது காற்றுதான். வண்டி எந்த நிறத்தில் ஃபேக்டரியிலிருந்து வந்ததோ அந்த நிறத்தையே வையுங்கள், மெல்லிசாக அடியுங்கள்.

4. பிரைமரில் ஏமாற வேண்டாம்

ரெட் ஆக்சைடு, சாதாரண எட்ச் பிரைமர், எபாக்ஸி பிரைமர் எதுவும் வெப்பப் பெயிண்டுக்கு அடியில் வரக்கூடாது. மேலே 288 டிகிரி தாங்கும் பெயிண்டை அடித்தாலும், அடியில் உள்ளது 150இல் கருகினால் இரண்டும் சேர்ந்தே உதிரும். அதே கம்பெனி அதே பெயிண்டுக்கென்று விற்கும் வெப்பப் பிரைமர் கிடைத்தால் அடியுங்கள். கிடைக்காவிட்டால் நேராக உலோகத்தின் மேல் அடிப்பதே நல்லது. துருவைக் கறுப்பாக மாற்றும் கன்வெர்ட்டர் திரவங்களுக்கும் இதே பதில்தான்.

பட்டி வைத்து உடைந்த ஃபின்னைச் சரிசெய்ய வேண்டாம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். பட்டி கூடவே விரியாது. உடைந்த ஃபின்னை ஆர்கான் வெல்டிங்கில் கட்டி, அரம் போட்டுச் சீராக்குங்கள்.

5. வாங்க வேண்டியவை

400 மி.லி. இன்ஜின் எனாமல் ஸ்ப்ரே டின் 2. ஹெட், பிளாக் இரண்டுக்கும் ஒன்று போகும், கேஸுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே பேட்சில் வாங்குங்கள், சில்வரில் சாயல் மாறும். மண்ணெண்ணெய் அல்லது டீசல் 2 லிட்டர், தின்னர் 1 லிட்டர், அசிட்டோன் அரை லிட்டர். பித்தளைக் கம்பி பிரஷ், 120, 220, 320 நம்பர் உப்புத்தாள், ஒரு அங்குல மாஸ்கிங் டேப், பழைய ஸ்பார்க் பிளக், ரப்பர் கார்க்குகள், வெள்ளைப் பனியன் வேஸ்ட் (துடைக்கும் துணித் துண்டுகள்). கலர் வேஸ்ட் அசிட்டோனில் சாயம் விடும். ஓவன் தெர்மாமீட்டர், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர், நைட்ரைல் கையுறை, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க். துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

டின்னில் தேதி பாருங்கள். குலுக்கும்போது உள்ளே உள்ள குண்டு சத்தம் கேட்க வேண்டும்.

6. நாளும் நேரமும்

கீழே கோவையில் செய்பவருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. மலையில் பாதி வேலை கெடுவது இங்கேதான்.

இரவெல்லாம் குளிர்ந்த வார்ப்பிரும்பு பிளாக் காலை 10 மணிக்கும் 9, 10 டிகிரியில்தான் இருக்கும். வெளிக்காற்று 18 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் பனி படியும் அளவு, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு, சுமார் 13.5 டிகிரி. அந்தப் பிளாக்கை வெளியே கொண்டு வந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன்மேல் படியும். அதன்மேல் அடித்த பெயிண்ட் உலோகத்தைத் தொடவே இல்லை. பாகத்தின் சூடு பனி படியும் அளவைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையின் பொது விதி. நாம் அதை 40 டிகிரிக்கே கொண்டு போய்விடுவோம்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரை நல்ல காலம். ஊட்டியில் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழையைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பகல் வெயில் அடித்தாலும் 11 மணிக்கு முன் டின்னைத் தொடாதீர்கள், 3 மணிக்கு மேல் அடிக்காதீர்கள். மீட்டர் 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்கு வேண்டாம்.

7. சுத்தம்: அவசரப்படக் கூடாத இடம்

முதலில் மண்ணெண்ணெயில் ஊற வைத்துப் பிரஷ் போடுங்கள். காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். இரும்பை ஒன்றும் செய்யாது, அலுமினியத்தை அரித்துக் கறுப்பாக்கிவிடும்.

அடுத்து சோப்புத் தூள் கலந்த சுடுநீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே காய வையுங்கள். மண்ணெண்ணெய் தானே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். அதோடு நிறுத்துபவர்களின் பெயிண்ட்தான் மீன் கண்போல் சிறு சிறு வட்டமாக விலகி நிற்கும்.

பிறகு தேய்ப்பது. அலுமினியத்துக்குப் பித்தளை பிரஷ், இரும்புக்கு இரும்புப் பிரஷ். இரும்புக் கம்பி வீலை அலுமினியத்தில் ஓட்டினால் கம்பித் துகள்கள் அதில் பதிந்து, பின்னால் துருப் புள்ளியாகத் தெரியும். ஃபின்களுக்கு நடுவே உப்புத்தாளை ஒரு மெல்லிய மூங்கில் பட்டையில் சுற்றித் தேய்க்கலாம். 120இல் தொடங்கி 220இல் முடியுங்கள். 320 வெளியே தெரியும் விளிம்புகளுக்கு மட்டும். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் பெயிண்ட் பிடிக்க இடம் இருக்காது.

பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் துகள்களை அடித்துச் சுத்தம் செய்வது) செய்ய விரும்பினால் பெரும்பாலும் கோவைக்குத்தான் இறக்க வேண்டியிருக்கும். க்ராங்க் கேஸை அனுப்பாதீர்கள். ஆயில் ஓடும் துளைகளுக்குள் நுழைந்த ஒரு சிட்டிகைத் துகள் புது பேரிங்கை அழிக்கப் போதும். பிளாக்கையும் ஹெட்டையும் அனுப்பினாலும் எல்லா வாயையும் அடைத்து அனுப்பி, திரும்பியதும் துளை துளையாக காற்றும் சோப்பு நீரும் விட்டுக் கழுவுங்கள். பிளாஸ்டிங் ஆன வார்ப்பிரும்பு குன்னூர் மூடுபனியில் ஓர் இரவு திறந்து கிடந்தால் காலையில் பழுப்பேறி நிற்கும். ஆகவே கோவையிலேயே பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி எடுத்து வாருங்கள், பிரித்த அன்றே அடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு படி, பலர் விட்டுவிடுவது. பழைய வார்ப்பு உலோகம் நுண்துளைகளில் ஆயிலைக் குடித்து வைத்திருக்கும். பாகத்தை ஓவனில் 100 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் அந்த ஆயில் வியர்த்து மேலே வரும். வெளியே எடுத்து, நன்றாக ஆறிய பிறகு அசிட்டோனில் துடையுங்கள். சூடான பாகத்தில் அசிட்டோன் பட்டால் ஆவி வேகமாகக் கிளம்பி, பக்கத்தில் ஒரு பொறி இருந்தாலும் தீப்பிடிக்கும். வெள்ளை வேஸ்டில் அழுக்கு வராதவரை இதையே திரும்பச் செய்யுங்கள். கேஸ்கட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தாள்) உட்காரும் ஓரம், பிளாக்கின் அடிப்பகுதி இவற்றில் இரண்டு மூன்று தடவைகூட ஆகும். இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது.

8. மறைப்பது

கேஸ்கட் உட்காரும் முகங்கள், போல்ட் மரைகள், பிளக் ஓட்டை, சைலன்ஸர் வாய், பிளாக் கேஸுக்குள் இறங்கும் கழுத்து, எர்த் வயர் பிடிக்கும் இடம். கேஸ்கட் முகத்தில் பெயிண்ட் இருந்தால் சூட்டில் அது நசுங்கி, ஹெட் போல்ட்டின் இறுக்கம் குறைந்து ஆயில் கசியும். எர்த் இடத்தில் இருந்தால் ஸ்டார்ட்டிங் தொல்லை தரும், காரணம் தேடி நாள் போகும்.

பிளக் ஓட்டைக்குப் பழைய பிளக், மரைகளுக்குப் பழைய போல்ட், பெரிய வாய்களுக்கு கார்க். டேப்பை முகத்துக்கு மேல் ஒட்டி, ஓரத்தை பிளேடால் வெட்டுங்கள். இவை அனைத்தையும் பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், ஓவனில் வைக்கும் முன், எடுத்துவிட வேண்டும். சூட்டில் டேப் பசை உருகிக் கேஸ்கட் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

9. அடிப்பது

பாகத்தை ஓவனிலோ ஹேர் டிரையரிலோ 40 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். உள்ளங்கையை மேலே காட்டினால் இதமாக இருக்கும் சூடு. டின்னை 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் நிறுத்துங்கள். குளிர்ந்த டின்னில் அழுத்தம் குறைந்து, பெயிண்ட் புகையாக வராமல் துளித் துளியாகத் துப்பும். அடுப்பு, ஹீட்டர் பக்கம் டின்னைக் கொண்டு போகாதீர்கள், வெடிக்கும். பிறகு 2 நிமிடம் விடாமல் குலுக்குங்கள்.

ஃபின்களின் ஆழத்தை முதலில் முடியுங்கள். மேலிருந்து சாய்வாக, கீழிருந்து சாய்வாக, இடவலமாக. நுனிகளைக் கடைசியில் விடுங்கள், ஆழத்துக்கு அடிக்கும்போதே நுனிகளுக்குப் பாதி கிடைத்திருக்கும். இந்த வரிசை மாறினால் நுனி தடித்து உள்ளே வெற்று உலோகம் தெரியும்.

25 செ.மீ. தூரம். பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கடந்து போய் வெளியே விடுங்கள். முதல் கோட் தூவல் மாதிரி, உலோகம் இடையிடையே தெரிய வேண்டும். 10 நிமிடம் கழித்து இரண்டாவது, இன்னும் 10 நிமிடத்தில் மூன்றாவது. காய்ந்த பின் மொத்தத் தடிமன் 50 மைக்ரானைச் சுற்றி இருந்தால் போதும். தடிமன் கூடினால் கரைப்பான் உள்ளே சிக்கி, சூடேறும்போது கொப்புளமாக வெடிக்கும். "இன்னும் ஒரு கோட் போட்டால் நிறைய நாள் வரும்" என்ற நினைப்பு இங்கே நேர்மாறாக வேலை செய்யும்.

பல இன்ஜின் எனாமல்களில் அடுத்த கோட் ஒரு மணி நேரத்துக்குள் அல்லது ஒரு வாரம் கழித்து என்று இருக்கும். இடையில் அடித்தால் பாதி காய்ந்த அடிக் கோட்டைப் புதிய கரைப்பான் தூக்கி, தோல்போல் சுருங்க வைக்கும். உங்கள் டின்னில் உள்ள நேரத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். அடிக்கும்போதே மேற்பரப்பு பால் ஊற்றியதுபோல் வெளுத்தால் காற்றில் ஈரம் அதிகம். நிறுத்திவிட்டுப் பாகத்தை மறுபடி சூடாக்குங்கள்.

10. சூட்டில் இறுக வைப்பது

அடித்த பாகத்தை 24 மணி நேரம் தூசியில்லாத, காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். கரைப்பான் வெளியேறாமல் ஓவனில் வைத்தால் கொப்புளமும் வரும், தீ அபாயமும் உண்டு. குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டி அதன் பக்கத்தில் காய வைப்பது இரட்டை ஆபத்து. ஆவி தீப்பிடிக்கும், கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரை எடுக்கும்.

35, 40 லிட்டர் ஓடிஜி ஓவன் ஒன்றைப் பட்டறைக்கென்று ஒதுக்குங்கள். அதில் திரும்ப உணவு சமைக்கக் கூடாது. ஓவன் குமிழியில் எழுதியிருப்பதை நம்பாமல் உள்ளே தெர்மாமீட்டர் வையுங்கள். அந்தத் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் சரிபார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலும் குன்னூரில் சுமார் 94 டிகிரியிலும் கொதிக்கும். 100 காட்டவில்லை என்று நல்ல தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்ஜின் எனாமலுக்கு 93 முதல் 100 டிகிரி. கணக்கை ஓவன் சூடானதிலிருந்து அல்ல, பாகம் அந்தச் சூட்டை அடைந்ததிலிருந்து தொடங்குங்கள். வார்ப்பிரும்பு பிளாக்குக்கு அதற்கே 40 நிமிடம் வரை ஆகலாம். பிறகு 20 நிமிடம், கதவை லேசாகத் திறந்து தானாக ஆறவிடுங்கள். க்ராங்க் கேஸ் ஓவனுக்குள் அடங்காது. அட்டைப் பெட்டியின் உள்ளே அலுமினிய ஃபாயில் ஒட்டி, திறந்த பக்கத்துக்கு வெளியே அரை அடி தள்ளி ஹாலஜன் விளக்கை நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே சூடாக்கலாம். பக்கத்தை விட்டு நகராதீர்கள். முடியாவிட்டால் ஒரு வாரம் உலர்ந்த அறையில் விட்டு, அதன் பிறகே பெட்ரோல் பக்கம் கொண்டு போங்கள்.

பெண்ட் பைப்பின் சிலிக்கோன் பெயிண்டைப் பைப்பை மாட்டியே இறுக வைக்கலாம். 10 நிமிடம் ஐடிலில் ஓட்டி 20 நிமிடம் ஆறவிடுவது, 20 நிமிடம் ஓட்டி ஆறவிடுவது, 30 நிமிடம் ஓட்டுவது என்பது வழக்கமான முறை. ஆனால் போரிங் செய்து புது பிஸ்டன் ரிங் போட்ட இன்ஜினை இப்படி ஐடிலில் நீண்ட நேரம் ஓட்டுவது ரிங்குக்கும் பிளாக்குக்கும் கெடுதல். காற்றும் இல்லை, லோடும் இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் பைப்பை முதலில் ஓடும் நிலையில் உள்ள வேறு வண்டியில் மாட்டி முடித்துக்கொள்ளுங்கள், அல்லது ஹீட் கன்னால் பகுதி பகுதியாகச் சூடேற்றுங்கள்.

11. மாட்டுவதற்கு முன் சோதனை

கண்ணில் படாத, கீழே உள்ள ஒரு ஃபின்னில், பெட்ரோல் நனைத்த வெள்ளைத் துணியால் 20 தடவை தேயுங்கள். துணியில் நிறம் வந்தால் இன்னும் இறுகவில்லை, மறுபடி ஓவன். நிறம் வரவில்லை என்றால் அதே இடத்தில் பிளேடால் சிறு கட்டம் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் சுத்தம் போதவில்லை. மேலே இன்னொரு கோட் அடித்து மறைக்க முயல வேண்டாம், கழற்றி 7ஆம் படியிலிருந்து தொடங்குங்கள்.

மாட்டும்போது ஹெட் போல்ட்டுகளுக்கு அடியில் வாஷர் உட்காரும் வட்டத்தில் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள். முதல் தடவை சூடாகும்போது லேசான புகையும் வாடையும் வரும். வீட்டுக்கு வெளியே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் 100 கி.மீ. ஓடும் வரை, ஏற்றம் ஏறி வந்த கையோடு தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். 500 கி.மீ. ஆனதும் ஃபின் நுனிகளை டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு பிளாக்கில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் 220 உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, மீதமுள்ள பெயிண்டை மூடியில் கொஞ்சம் அடித்து, மெல்லிய பிரஷால் தொட்டு வையுங்கள். டின்னை வைக்கும் முன் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று மட்டும் வரும்வரை ஓரிரு வினாடி அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை எடுக்கும்போது நாசில் அடைத்துப் போயிருக்கும்.